வாசகர் கேள்வி – பதில்: ஊமைப்படம் தமிழ் பேசிய காலம்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டக்களப்புக்கு வந்துபோன வெளிநாட்டுப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பொன்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இம்மாதப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. காணி உறுதிக்கும் கடவுச்சீட்டுக்கும் விளக்கம் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் அம்மம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால், "அந்தக் காலத்து இங்கிலிசுப் படம் நல்லா விளங்கும், பிறகு வந்ததுதான் விளங்கல்ல" என்று அடிக்கடி சொல்வார். இது முதுமையின் மயக்கமா, அல்லது இதில் ஏதும் உண்மை உண்டா?
— வாசகி ஒருவர், ஆரையம்பதி

பதில்: உங்கள் அம்மம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. 1920களில் வந்த படங்களுக்கு வாய் இல்லை. நடிகர் உதட்டை அசைப்பார். உடனே படம் மறைந்து கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இரண்டு வரி ஆங்கிலம் தோன்றும். பின் மீண்டும் படம் ஓடும். அந்த இரண்டு வரியையும் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் கச்சேரி (அரச செயலக) உத்தியோகத்தர், புறக்டர் என்ற சட்டத்தரணி, மிஷன் பாடசாலை ஆசிரியர், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு கைப்பிடி அளவினரே. கலரி எனப்பட்ட மலிவு வகுப்பில் மண்ணில் குந்தியிருந்த மற்றவர்களுக்காகத் திரையின் அருகே ஓர் ஆள் நிற்பார். எழுத்து வரும்போது அதைத் தமிழில் சொல்வதும், எழுத்து வராத இடங்களில் தாமாகவே பேச்சை இட்டுக்கட்டுவதும், கள்ளன் ஒளிந்திருக்கும் இடத்தைப் பிரம்பால் தொட்டுக் காட்டுவதும் அவருடைய தொழில். தமிழ்நாட்டு ஊர்களின் ஊமைப்படக் கொட்டகைகளிலும் இப்படி விளக்கம் சொல்வோர் இருந்தனர். ஜப்பானில் இத்தொழில் செய்தவர்களைப் பென்ஷி என்றழைத்தார்கள். நடிகர்களைக் காட்டிலும் பெரிய எழுத்தில் பென்ஷியின் பெயரை விளம்பரத்தில் போடும் அளவுக்கு அங்கே அவர்களுக்கு மதிப்பிருந்தது.

1914இல் பிறந்த என் பெத்தா (பாட்டி), தமக்குப் பதினைந்து வயதிருக்கும்போது புளியந்தீவில் அடித்திருந்த கூடாரமொன்றில் தம் முதற்படத்தைப் பார்த்ததாகச் சொல்வார். படத்தின் பெயரோ கதையோ அவருக்கு நினைவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி தண்டவாளத்தில் கட்டுண்டு கிடந்ததும், தூரத்தில் புகை தெரிந்ததும், கதாநாயகன் வேலிக்கு அப்பால் திகைத்து நின்றதும், விளக்கக்காரர் பிரம்பால் திரைச் சீலையை ஓங்கித் தட்டி, "மடையா, மாகோவிலருந்து கோச்சி வெளிக்கிட்டு வருது, உனக்குக் கேக்கல்லையா? ஓடிப்போய்க் கட்ட அவிழடா!" என்று அந்த வெள்ளைக்காரனை ஏசியதும் சாகும்வரை அவர் மனத்தில் இருந்தன. மாகோவிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1928இல். அதற்கு அடுத்த ஆண்டு கூடாரத்தில் இருந்த சனத்துக்கு 'கோச்சி' என்ற சொல்லின் புதுமை இன்னும் தேய்ந்திருக்காது. அமெரிக்காவில் எங்கோ ஓடிய ரயிலை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் எங்கள் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இத்தகைய ஆளை ஏற்றுக்கொள்ள எங்கள் சனம் ஏற்கெனவே பழகியிருந்தது. எங்கள் கூத்தின் இரு வகைகளான வடமோடியோ தென்மோடியோ எந்தக் கூத்தானாலும், வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் கட்டியகாரன் வந்து இன்ன அரசன் வருகிறான் என்று கூறாமல் அரசன் வருவதில்லை. கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நின்று ஆட்டத்தை நடத்துவார். ஆடுபவர் பாடி நிறுத்திய அடியைப் பக்கப்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவர். ஆட்டம் ஓரிடத்திலும் அதற்கான சொல் இன்னோரிடத்திலுமாக இருந்து, இரண்டும் பார்ப்பவன் மனத்தில் ஒன்றாகச் சேரும் முறை கூத்துப் பார்த்த கண்ணுக்குப் புதியதன்று. ஆகவே திரையில் ஒருவன் வாயசைக்க, அருகில் நின்ற வேறொருவன் குரல் கொடுத்தபோது அதை விசித்திரமென்று யாரும் கருதவில்லை. கதாநாயகன் துரையானான், நாயகி துரைசாணியானாள், வாயில் நுழையாத பெயர்கள் கழன்று விழுந்தன. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டிய நூல் வெளிவந்ததும் 1926இல், இதே காலத்தில்தான். அடிகள் கற்றோருக்காகச் செய்த காரியத்தைக் கூடாரத்து விளக்கக்காரர் கலரிக்காகச் செய்தார் என்றால், அடிகளின் அன்பர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பின்பு படம் பேசத் தொடங்கியது. திரைக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் முழங்கும்போது, அதற்கு மேலாகக் குரலெழுப்பி ஒருவர் தமிழ் சொல்ல இயலாது. சொன்னாலும், முன்வரிசைத் துரைமார் சும்மா இருக்கமாட்டார்கள். பேச்சுக்குள் பேச்சாகக் கதை நகரும் படங்களை அம்மம்மா விளங்கிக்கொள்ள வழியில்லாமற் போனது அப்போதுதான். அதுவரை நம்முடையதாக இருந்த படம், வாய் திறந்த அன்றே வெளிநாட்டுப் படமாயிற்று. விளக்கக்காரரின் பிழைப்பும் அதோடு போனது. ஜப்பானில் பென்ஷிகள் இதனை எதிர்த்து வேலைநிறுத்தம்கூடச் செய்து பார்த்தார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இயக்குநரான அகிரா குரோசாவாவின் தமையன் ஒரு பென்ஷி. தொழில் சரிந்துகொண்டிருந்த 1933இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கேள்வி: கல்லடிப் பாலம் கட்டுவதற்கு முன்பே தாம் தோணியில் வாவியைக் கடந்து போய் டார்சான் படம் பார்த்ததாகவும், டார்சான் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்த பிள்ளை அழுததாகவும் என் மூத்தவாப்பா கூறுவார். அப்படியென்றால் பேசும்படம் நம் பகுதிக்கு மிக முன்னதாகவே வந்துவிட்டதா?
— வாசகர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: மூத்தவாப்பா பொய் சொல்லவில்லை. இரண்டு டார்சான்களை ஒருவராக்கிவிட்டார், அவ்வளவுதான். டார்சான் கதை முதன்முதலாகத் திரைக்கு வந்தது 1918இல். அதில் நடித்தவர் எல்மோ லிங்கன் என்ற பருத்த உடம்புக்காரர். அது ஊமைப்படம், அவர் எத்தனை முறை நெஞ்சிலடித்துக்கொண்டாலும் சத்தம் வராது. லேடி மானிங் பாலம் என்று பெயர் பெற்ற கல்லடிப் பாலம் 1920களில் கட்டப்பட்டது. ஆகையால் தோணியிற் போய்ப் பார்த்திருக்கக்கூடியது எல்மோ லிங்கனின் டார்சானை. நீங்களும் நானும் அறிந்த அந்தக் கூவல் ஜொனி வைஸ்முல்லருடையது. 1924, 1928 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் சேர்த்து நீச்சலில் ஐந்து தங்கப் பதக்கம் வென்ற அவர், டார்சானாக நடித்த முதற்படம் வெளிவந்தது 1932இல். அதற்குள் எங்கள் ஊரில் பாலமும் வந்துவிட்டது, ரயிலும் வந்துவிட்டது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. பழைய படங்களைப் பற்றி முதியவர்களிடம் கேட்கும் எவருக்கும் நான் சொல்வது, ஆண்டைக் கேட்காதீர்கள் என்பதே. எப்படிப் போனீர்கள், யாரோடு போனீர்கள், திரும்பி வரும்போது நிலவிருந்ததா, சத்தம் கேட்டதா, யாராவது பிரம்போடு நின்றாரா என்று கேளுங்கள். ஆண்டு அவர்களுக்கு மறந்திருக்கும். ஆனால் தோணியும் பிரம்பும் மறக்காது, அவற்றிலிருந்து ஆண்டை நாமே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் மூத்தவாப்பாவுக்கு அருகிலிருந்து அழுத பிள்ளை 1932க்குப் பிறகு பிறந்திருக்கவும் கூடும்.

கேள்வி: அக்காலத்தில் அம்பாறையில் என்ன படம் ஓடியது?
— மாணவர் ஒருவர், அம்பாறை

பதில்: யானைதான் ஓடியிருக்கும். அம்பாறைப் பட்டணம் 1949இல் தொடங்கிய கல்லோயா அபிவிருத்தித் திட்டத்தோடு எழுந்தது, மாவட்டமானது 1961இல். அதற்கு முன்னர் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டமே. கரையோரத்து ஊர்களில் இருந்தவர்கள் படம் பார்க்க வேண்டுமானால் மட்டக்களப்புக்குப் போக வேண்டும், அல்லது கூடாரக்காரர் தங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கல்முனையிலிருந்து பட்டினம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மாட்டுவண்டியில் படம் பார்க்கப் போனவன் விடிந்த பிறகே வீடு திரும்பியிருப்பான்.

கேள்வி: ஹொலிவூட்டில் எடுத்த படம் மட்டக்களப்புக்கு எப்படி வந்து சேர்ந்தது? மின்சாரமில்லாத இடத்தில் அதை எவ்வாறு காட்டினார்கள்?
— வாசகர் ஒருவர், தாண்டவன்வெளி

பதில்: ஒரு படத்தின் பிரதி நம்மிடம் வரும்போது அது பலருடைய கைபட்ட பழஞ்சரக்காகவே இருக்கும். இந்தத் திசைக்குப் படங்களைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கல்கத்தாவின் ஜே. எஃப். மதன் என்ற பார்சி வணிகர். 1902இல் கல்கத்தா மைதானத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கிய அவருடைய நிறுவனம், இந்தியாவோடு பர்மா, இலங்கை வரை கிளை பரப்பியது. 1928இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் கொழும்பில் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு இலங்கையின் படத்தொழில் உள்ளூர்க் கைக்கு மாறலாயிற்று. பம்பாயிலோ கல்கத்தாவிலோ ஓடித் தேய்ந்து, கொழும்புக்கு வந்து அங்கும் தேய்ந்து, அதற்குப் பிறகே பிரதி மாகாணங்களுக்குப் புறப்படும். பெத்தா பார்த்த படங்களில் எல்லாம் எந்நேரமும் மழை பெய்துகொண்டிருந்ததாம். அது வானத்து மழையன்று, பிலிமில் விழுந்த கீறல்.

தகரப் பெட்டிகளில் அடைத்த ரீல்கள் ரயிலுக்கு முன்னைய காலத்தில் இரண்டு வழியாக வரலாம்: இலங்கையைச் சுற்றியோடிய கரையோரக் கப்பலில் கடல்வழியாக, அல்லது பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா, செங்கலடி என்று காட்டுப்பாதையாக. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு நான்கு ஆண்டுகளின் பின் மட்டக்களப்புக்கே ரயில் வந்ததும் இந்தத் தொல்லை நீங்கியது. கொழும்பில் ஏற்றிய பெட்டியை இங்கே மேடையில் இறக்கிக்கொள்ளலாம். வந்த பின்னும் நினைத்த இடத்தில் காட்டிவிட முடியாது. 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டும். இன்றும் இலங்கையின் படத் தணிக்கைக்கு அடிப்படையாக இருப்பது அச்சட்டமே. காலமும் பார்க்க வேண்டும். வாடைக்காற்று மழையில் கூடாரம் நிற்காது. பெரும்போகம் வெட்டிச் சூடடித்து, சனத்தின் கையில் காசு புழங்கும் மாதங்களே கூடாரக்காரனுக்கும் உகந்தவை. அவையே கூத்துக்கும் கோயிற் சடங்குக்கும் உரிய காலம் என்பதால் போட்டி கடுமையாகத்தான் இருந்திருக்கும்.

பகலில் மாட்டுவண்டியில் படத்தட்டியைச் சாத்தி, மேளம் அடித்து, நோட்டீசு வீசிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். இரவில் எண்ணெய் எஞ்சின் ஒன்று டைனமோவைச் சுழற்ற, இரண்டு கரிக்குச்சிகளின் நுனிகளுக்கிடையே எழும் வெள்ளொளியில் படம் விழும். டைனமோவுக்கும் வசதியற்ற ஆரம்பகால ஊர்சுற்றிகள், சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுவாலையால் சூடேற்றி அதன் ஒளியிலேயே காட்டினார்கள். மெசினைக் கையாற் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுப் படச்சட்டம் நகரும். செக்கனுக்கு இரண்டு சுற்று என்பது பொது வழக்கு, ஆகவே செக்கனுக்கு பதினாறு சட்டம். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓரடிக்குப் பதினாறு சட்டம் இருப்பதால், இந்த வேகத்தில் செக்கனுக்கு ஓரடி பிலிம் ஓடும். 1000 அடி ரீல் ஒன்று பதினாறே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ரீல் முடிந்ததும் வெளிச்சம் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். கச்சான்காரி உள்ளே வருவதும் அப்போதுதான். சுற்றுகிறவனின் கை களைத்தால் திரையில் குதிரையும் களைக்கும். நேரம் போய்விட்டது, இன்னொரு காட்சிக்குச் சனம் வெளியில் காத்திருக்கிறது என்றால், குதிரை மட்டுமல்ல, சவ ஊர்வலமும் ஓட்டமாக ஓடும்.

ஊமைப்படத்து மனிதர்கள் எல்லோரும் ஏன் விறுக்கு விறுக்கென்று நடக்கிறார்கள் என்று ஓட்டமாவடியிலிருந்து ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதுவே விடை. ஒலி வந்த பிறகு வேகம் செக்கனுக்கு 24 சட்டம் என்று நிலைப்படுத்தப்பட்டது. பதினாறில் எடுத்ததை இருபத்துநான்கில் ஓட்டினால் யார்தான் ஓடமாட்டார்? பெத்தா கண்ட சாப்ளின், தொலைக்காட்சியில் நாம் காணும் சாப்ளினைவிட ஆறுதலாகவே நடந்திருப்பார்.

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் 1927இல் வந்த 'த ஜாஸ் சிங்கர்' முழுமையான பேசும்படம் என்று எழுதினீர்கள். அதை நான் அண்மையில் பார்த்தேன். பெரும்பகுதி ஊமையாகவே இருக்கிறதே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லடி

பதில்: பிழை என்னுடையது. பாட்டுகளும் மிகச் சிறிதளவு உரையாடலுமே அதில் ஒலியாக உள்ளன. மற்ற இடங்களில் பழைய எழுத்து அட்டைகளே வருகின்றன. ஆசிரியர் பிரம்பை எடுக்குமுன் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: எந்தப் படங்களுக்குச் சனம் அதிகமாகக் கூடியது? இன்று நாம் 'உலக சினிமா' என்று கொண்டாடும் ஜேர்மன், ரஷ்யப் படங்கள் வந்தனவா?
— திரைப்பட வட்டமொன்றின் உறுப்பினர், களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் வட்டத்தினர் மனம் வருந்தக்கூடாது. கூடாரக்காரன் திருவிழாக் கடைக்காரனைப் போன்றவன். விற்குமென்று தெரிந்ததைத்தான் மூட்டை கட்டுவான். முதற் போர் ஐரோப்பாவின் படத்தொழிலை முடக்கிப்போட்டதால், அதற்குப் பின் உலகச் சந்தையைப் பிடித்தவர்கள் அமெரிக்கர். இந்தியாவில் இதனை ஆராய 1927இல் ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு குழுவே அமைக்கப்பட்டது. அமெரிக்கப் படங்கள் பேரரசின் திரைகளை மூடிவிட்டன என்ற கவலை பிரித்தானியருக்கு இருந்தது. தங்கள் நாட்டிலேயே உள்நாட்டுப் படங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கி அதே ஆண்டில் அவர்கள் சட்டம் இயற்றினார்கள்.

தமிழ் பேசும் ஊர்களில் ஓங்கி நின்றது தொடர்படம். ஒரு கதை பதினைந்து, இருபது பகுதியாக நீளும். ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் இரண்டு ரீல். ஒவ்வொன்றும் யாராவது மலையுச்சியில் தொங்கும் இடத்தில் நின்றுவிடும். பேர்ள் வைட் நடித்து 1914இல் வந்த 'பேரில்ஸ் ஒஃப் போலின்' இவ்வகைக்கு வழிகாட்டி. அவரைப் பின்பற்றி வந்தவர்களுள் எட்டி போலோ என்ற சர்க்கஸ்காரருக்குத் தென்னிந்தியாவில் கிடைத்த புகழ் அவருடைய சொந்த நாட்டிலே கிடைத்ததா என்பது சந்தேகம். முரடர் பத்துப் பேரை ஒரே ஆளாக அடித்து வீழ்த்தும் கதாநாயகன் தமிழ்த் திரைக்கு எங்கிருந்து வந்தான் என்று ஆராய்கிறவர்கள், புராணத்தோடு நின்றுவிடாமல் எட்டி போலோவிடமும் ஒருமுறை போய் வரவேண்டும் என்பது என் எண்ணம். டக்ளஸ் ஃபெயர்பாங்ஸ் பறக்கும் கம்பளத்தில் ஏறிய 1924ஆம் ஆண்டுப் பக்தாத் கதை, ருடோல்ஃப் வலன்டினோவின் பாலைவனக் காதல், சாப்ளின், ஹரோல்ட் லொயிட், பஸ்டர் கீற்றன் ஆகியோரின் பகிடிகள், குதிரையில் டொம் மிக்ஸ் ஆகியவை அடுத்த வரிசை. இவற்றில் எதற்கும் மொழி பெரிய தடையன்று என்பதைக் கவனியுங்கள். விழுவதும் ஓடுவதும் அழுவதும் எவ்வூரிலும் ஒன்றுதான்.

கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் படங்கள் தனி வகை. பிரான்சின் பத்தே நிறுவனம் 1900களின் தொடக்கத்தில் எடுத்த படம் தென்னிந்தியாவில் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியது; திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்து 1905இல் ஊர்சுற்றிக் காட்சிக்காரராக மாறிய சாமிக்கண்ணு வின்சென்ட் கொண்டுபோன படங்களுள் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. கிறிஸ்தவரே அல்லாத ஊர்களிலும் அதற்குக் கூட்டம் சேர்ந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை, சாமி கதை, வெள்ளைக்காரர் எடுத்தாலும் அன்னியமில்லை என்பதே காரணமாக இருக்கலாம். கூத்துப் பார்ப்பவனும் முடிவு தெரியாமல் விடியும்வரை விழித்திருப்பதில்லை.

கேள்வி: அமெரிக்கப் படங்களுக்கிருந்த இந்த மவுசு பேசும்படம் வந்ததும் ஏன் இவ்வளவு விரைவாகக் குறைந்தது? தமிழ்ப் படங்கள் அத்தனை உயர்ந்தனவா?
— வாசகர் ஒருவர், கல்முனை

பதில்: உயர்வு தாழ்வு பற்றியதன்று இது. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 ஒக்ரோபர் 31இல் சென்னையில் வெளியானது. பம்பாயில் எடுக்கப்பட்ட அதில் தமிழோடு தெலுங்கும் கலந்திருந்தது. ஆயினும் அதில் ஐம்பதளவு பாட்டுகள் இருந்தன. இன்று ஐந்து பாட்டுக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நமக்கு இது வதையாகத் தோன்றும். கூத்தை இரவு முழுவதும் பாட்டாகவே கேட்டுப் பழகியவனுக்கோ, ஐம்பது பாட்டுள்ள படம் என்பது கடைசியில் வெள்ளைக்காரனின் மெசின் ஒருவாறு திருந்திவிட்டது என்பதற்கான அறிகுறி. 1934இல் 'பவளக்கொடி' மூலம் எம். கே. தியாகராஜ பாகவதர் வந்த பிறகு சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாகவதரின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாகிய 1937ஆம் ஆண்டு 'அம்பிகாபதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாதவர். எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகத் தோன்றிய 1936ஆம் ஆண்டு 'சதிலீலாவதி'யும் அவர் இயக்கியதே. ஆக, அமெரிக்கப் படத்தை விட்டுத் தமிழ்ப் படத்துக்கு ஓடிய நம்மவர்கள் அங்கேயும் அமெரிக்கர் கைவேலையைத்தான் கண்டு மகிழ்ந்தார்கள், குரல் மட்டும் தமிழாக இருந்தது. ஆங்கிலப் படங்களும் அடியோடு போய்விடவில்லை. 1933இன் கிங் கொங், டார்சான், லோரல்–ஹார்டி போன்றவற்றுக்குக் கலரி நிறைந்துகொண்டே இருந்தது. வரவேற்பறையில் இருந்து பேசும் படங்களைத்தான் கலரி கைவிட்டது.

கேள்வி: சார்லி சாப்ளின் மட்டக்களப்புக்கு வந்தாரா?
— மாணவி ஒருவர், ஏறாவூர்

பதில்: 1932இல் தம் உலகப் பயணத்தின்போது இலங்கைக்கு வந்தார், கண்டியைப் பார்த்தார், பின் சிங்கப்பூர்ப் பக்கம் கப்பலேறினார். மட்டக்களப்புக்கு அவருடைய தொப்பியும் தடியும் அதற்கு முன்பே வந்துவிட்டன. பாடசாலைக் கலைவிழாக்களில் இன்னும் நிற்கின்றன.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் கூரைக்குக் கீழே துருப்பிடித்த வட்டத் தகரப் பெட்டி ஒன்றும் அதற்குள் பிலிம் சுருளும் கிடைத்தன. என் கணவரின் பாட்டனார் படக் கூடாரம் ஒன்றில் வேலை பார்த்தவராம். இதைச் சுத்தம் செய்து பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?
— வாசகி ஒருவர், கோட்டைமுனை

பதில்: தங்கச்சி, முதலில் அதைக் கூரையின் கீழிருந்து இறக்குங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீற்றர் படங்கள் பெரும்பாலும் நைத்திரேற்றுப் பிலிமிலேயே அச்சிடப்பட்டன. துப்பாக்கிப் பஞ்சுக்கு நெருங்கிய உறவான பொருள் அது. தீப்பற்றினால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், ஆதலால் மணலைக் கொட்டினாலும் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அயர்லாந்தில் ட்ரம்கொலொகர் என்ற சிற்றூரில் 1926 செப்டெம்பர் 5ஆம் திகதி ஒரு மாடியறையில் படம் காட்டியபோது, மேசையில் திறந்து கிடந்த ரீலில் மெழுகுதிரிச் சுவாலை பட்டது; இருந்த ஒரே வாசலுக்குப் பக்கத்திலேயே தீ எழுந்ததால் 48 பேர் இறந்தனர். நம் கூடாரங்களுக்குச் சீலைச் சுவர் இருந்தது ஒருவகையில் நல்லதே. கிழித்துக்கொண்டாவது வெளியே வரலாம்.

பழுதடைந்த நைத்திரேற்று 40 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தானாகவே பற்றக்கூடியது. மட்டக்களப்பில் சித்திரை மாதத்துத் தகரக் கூரையின் கீழ் எவ்வளவு வெப்பம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்கும்போது காரமான நெடி வந்தாலோ, சுருள் தேன்போல் ஒட்டினாலோ, கபிலநிறத் தூளாக உதிர்ந்தாலோ மேற்கொண்டு தொடாதீர்கள். அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் தொலைவில், காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில், மூடியை இறுக்காமல் வைத்துவிட்டுக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள். தபாலிலோ பஸ்ஸிலோ அனுப்புவது கூடவே கூடாது. குப்பையோடு போட்டு எரிப்பதும் கூடாது.

சுருள் இன்னும் நல்ல நிலையில் இருந்தால், முதல் இரண்டு அடியை மாத்திரம் விரித்து, துளைகளை ஒட்டிய ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் எளிதில் எரியாத வகை. கொடக் நிறுவனத்தின் பிலிமானால் பெயருக்குப் பக்கத்தில் சிறு அடையாளம் இருக்கும். அது பிலிம் செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பது, இருபது ஆண்டுக்கொருமுறை திரும்ப வருவது. ஒற்றை வட்டமானால் 1916, 1936, 1956 ஆகியவற்றில் ஒன்று. ஒற்றைச் சதுரமானால் 1917, 1937, 1957. ஒற்றை முக்கோணமானால் 1918, 1938, 1958. என்ன அடையாளம் இருக்கிறது என்பதையும், திரையில் வரும் முதல் எழுத்து அட்டையில் என்ன சொல் தெரிகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். பெட்டியை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். எங்கள் அலுவலகத்துக்கும் தகரக் கூரைதான்.